கோட்டின் மேல் விழுந்த டிக்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு டிக்கிலிருந்து வந்தது. நீல மையில் போட்ட டிக். ‘ஆம்’ கட்டத்திலும் விழாமல் ‘இல்லை’ கட்டத்திலும் விழாமல், இரண்டுக்கும் நடுவில் இருந்த கோட்டின் மேல் அது கிடந்தது. அதைப் பார்த்து நான் கம்ப்யூட்டரில் 1 என்று அடித்தேன். 1 என்றால் ஆம்.

நான் திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் டேட்டா என்ட்ரி ஆபரேட்டர். (ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். சம்பளம் இன்னும் அங்கேதான் வருகிறது.) பார்க்கின்சன் என்று ஒரு நோய். கை நடுங்கும், நடை சுருங்கும், முகம் இறுகிப்போகும். மாத்திரைக்கு அடங்காத சிலருக்கு மண்டையில் இரண்டு துளை போட்டு, மூளைக்குள் மெல்லிய கம்பியை இறக்கி, நெஞ்சில் தோலுக்கடியில் பேட்டரிப் பெட்டியை வைத்து மின்சாரம் கொடுக்கிறார்கள். நடுக்கம் நின்றுவிடுகிறது. நின்ற பிறகு அந்த மனிதர் நலமாக இருக்கிறாரா என்று விசாரிக்க எங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு திட்டம் வந்தது. மொத்தம் முப்பத்தொரு கேள்வி. சந்தியா என்ற பெண் ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதி வருவாள். நான் அதை அடிப்பேன். கம்ப்யூட்டர் கூட்டிக் கழித்து நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும்.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கதை எழுதுவேன். திருப்பதியில் உட்கார்ந்துகொண்டு தமிழில் கதை எழுதுகிறவனை யாரும் வந்து தொந்தரவு செய்வதில்லை. அது ஒரு சௌகரியம்.

2

முதல் வரிக்கு மூன்று தடவை முயன்றேன்.

“அன்று வெள்ளிக்கிழமை. விஜயபுரத்துக் கடலைக் கொல்லைகளின் மேல் வெயில்—”

[விட்டுவிட்டேன். அந்தப் பக்கம் வெயில் இல்லாத வெள்ளிக்கிழமை எது?]

“ஏகாம்பரம் மகத்தான உழைப்பாளி. மண்ணை நேசித்த—”

[இரங்கல் கூட்டத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. ஆள் உயிரோடு இருக்கிறார். அதுதானே பிரச்சினையே.]

“அம்சவேணி குவைத்துக்குப் போன நாளில்தான் அப்பாவின் கை நடுங்குவதை முதலில் பார்த்தாள்.”

இது நிற்கும் போலிருக்கிறது. இதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

3

அம்சவேணி குவைத்துக்குப் போன நாளில்தான் அப்பாவின் கை நடுங்குவதை முதலில் பார்த்தாள். 2001. சித்தூர் பஸ் ஸ்டாண்டில் அவளுடைய பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஏகாம்பரம் நின்றிருந்தார். பிடித்த கை கடகடவென்று ஆடியது. நைனா அழுகையை அடக்குகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அதற்கு முன் நாலு சீசன் பங்காருபாளையத்துப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஃபாக்டரியில் பழம் அறுத்தாள். டப்பாவில் அடைத்த கூழ் கப்பலேறி வளைகுடாவுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கூழுக்குப் பின்னாலேயே அறுத்தவளும் போனாள். ஒரு வீட்டில் சமையல், துணி, குழந்தை எல்லாம் அவள்தான்.

ஏகாம்பரத்துக்கு விஜயபுரத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம். நெல், கடலை. நடுக்கம் கையிலிருந்து காலுக்குப் போனது. காலிலிருந்து தாடைக்கு வந்தது. எட்டு வருடத்தில் சட்டைப் பொத்தான் போட மனைவி ரத்னம்மா வேண்டும், சோறு ஊட்ட ரத்னம்மா வேண்டும், படுத்தால் புரண்டு படுக்கவும் ரத்னம்மா வேண்டும் என்று ஆகிவிட்டது. அம்சவேணி எட்டு வருடச் சம்பளத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினாள். சென்னையில் ஆபரேஷன் நடந்தது. அவள் கல்யாணம் அந்த மூட்டைக்குள்தான் இருந்தது; யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.*

* மொட்டை போட்டுத்தான் ஆபரேஷன் செய்தார்கள். ஊருக்குத் திரும்பி வந்தபோது, திருப்பதி மலைக்குப் போய்விட்டு வருகிறார் என்று நினைத்து எல்லாரும் பிரசாதம் கேட்டார்கள். எங்கள் பக்கத்தில் மொட்டைத்தலைக்கு வேறு காரணம் இருக்க முடியாது. ரத்னம்மா நகரியில் லட்டு வாங்கிக் கொடுத்துச் சமாளித்தாள்.

கை நின்றுவிட்டது. இரண்டு மாதம் வீடு வீடாகப் போய் தண்ணீர் டம்ளரைத் தூக்கிக் காட்டினார் மனிதர். ஒரு சொட்டு சிந்தவில்லை. மூன்றாம் மாதம் பேச்சு குழறத் தொடங்கியது. வாயில் களி வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி. மின்சாரம் கையை நிறுத்தும் அளவுக்கு இருந்தால் நாக்கையும் இழுத்துக் கட்டிவிடுகிறது என்றார் டாக்டர். குறைத்தால் பேச்சு தெளியும், ஆனால் கை ஆடும். என்னென்னவோ செய்து பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு சின்ன ரிமோட்டைக் கையில் கொடுத்து, அதில் இரண்டு நம்பர் வைத்துக் கொடுத்தார். நேரத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்.

ரத்னம்மா அவற்றுக்குப் பெயர் வைத்தாள். ஒன்று கை பட்டன். இரண்டு வாய் பட்டன்.

4

குவைத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அன்றைக்கு மதியம் அம்சவேணி போன் செய்வாள். ஆகவே வெள்ளிக்கிழமை காலையில் ரத்னம்மா வாய் பட்டனைப் போடுவாள். மற்ற ஆறு நாளும் கை பட்டன். ஆறு நாள் மனிதர் தானே சாப்பிடுவார், தானே குளிப்பார், மாட்டை அவிழ்த்துக் கட்டுவார். ஒரு வார்த்தை புரியாது. கொஞ்ச நாளில் பேசுவதையே விட்டுவிட்டார். ஏழாம் நாள் பேசுவார். அன்றைக்கு ரத்னம்மா ஊட்டுவாள்.

போனில் கை தெரியாது. “நல்லா கீறேம்மா. நானே துன்றேன்” என்பார். அவளுக்குக் கேட்பதெல்லாம் தெளிவான குரல். தானே சாப்பிடுகிற, தெளிவாகப் பேசுகிற நைனா. நாலு வருடமாக அவள் அந்த நைனாவோடுதான் பேசிக்கொண்டிருக்கிறாள்.

பொய் என்று சொல்லிவிட முடியுமா? ஒவ்வொரு சொல்லும் ஏதோ ஒரு கிழமையில் உண்மை.

5

2013, ஜூன். பேட்டரிக்கு இன்னும் ஏழெட்டு மாதம்தான் உயிர் என்று மெஷின் காட்டிவிட்டது. புதியது வைக்க வேண்டுமென்றால் அம்சவேணி குவைத்தில் இன்னும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். வேண்டாமென்றால் ஊருக்கு வந்துவிடலாம். முப்பத்தைந்து வயது. கையெழுத்துக்குக் கொடுத்த கெடு அந்த மாதக் கடைசி.

சந்தியாவின் தாளில் வருவதை வைத்துத்தான் முடிவு என்று வீட்டில் சொல்லிவிட்டு, அவள் சந்தியாவுக்கு போன் செய்தாள். “நைனாவும் பொய் சொல்லும், எங்கம்மாவும் பொய் சொல்லும். நீ பேப்பர்ல எழுதிக்கினு போறியே, அதுல எவ்ளோ வருதுன்னு மட்டும் சொல்லும்மா. நல்லா இருக்காருன்னு வந்தா இன்னும் ரெண்டு வருசம் இருந்துட்றேன். இல்லன்னு வந்தா என்னாத்துக்கு அந்த கரண்டு? நான் வந்து பாத்துக்கறேன்.”

நோயாளியின் மகள் கேட்டால் எண்ணைச் சொல்லலாம் என்று விதி இருந்தது. அபிப்பிராயம் சொல்லக் கூடாது என்றும் விதி இருந்தது. சந்தியா புத்தலப்பட்டுக்காரி. இருபத்தேழு வயதில் இந்த ஒப்பந்த வேலை கிடைத்தது. விதியைச் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருப்பவள்.

[இங்கே எனக்குச் சந்தியா மேல் சந்தேகம் வருகிறது. இவளை நல்லவளாகவே எழுதிக்கொண்டு போகிறேன். அடுத்த மேஜைக்காரி, மதியம் எனக்கு ஊறுகாய் கொடுப்பவள் என்பதால் இருக்கலாம். சரி, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.]

சந்தியா போனது வெள்ளிக்கிழமை. மற்ற நாளில் போனால் பேச்சு புரியாது என்று ரத்னம்மாவே நாள் குறித்திருந்தாள். புத்தூர் வழியாக நகரிக்குப் போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. வாசலிலேயே ரத்னம்மா மோர் டம்ளரோடு நின்றிருந்தாள்.

“வாம்மா. வெயில்ல வந்துக்கினு கீற. இன்னைக்கி வாய் பட்டன் போட்டு வெச்சிக் கீறேன், நல்லா பேசுவாரு.”

“கை எப்டிம்மா கீது?”

“கைய பாக்காத.”

வீட்டார் வெளியே இருக்க வேண்டும் என்பது விதி. ரத்னம்மா போகும்போது சந்தியாவின் காதருகில் குனிந்து, “அந்த தரகாஸ்து பேப்பர்ல நல்லா எழுதிக்கினு போம்மா. பொண்ணோட எட்டு வருசம் அந்த மண்டைலதான் கீது” என்றாள்.

ஏகாம்பரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தார். அப்படியும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சட்டையில் காலை இட்லியின் சட்னி காய்ந்திருந்தது.

“சாப்பிடறதுக்கு அடுத்தவங்க ஒதவி வேண்டியிருந்துச்சா பெரியப்பா? போன ஒரு மாசத்துல?”

“இல்ல. நானே துன்றேன்.”

சந்தியாவின் கண் சட்னிக்குப் போய்த் திரும்பியது. ஒருபோதும் இல்லை என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

“நீங்க பேசறது மத்தவங்களுக்குப் புரியாம போயிருக்கா?”

“இப்ப நான் பேசறது புரியுதா உனுக்கு?”

“புரியுது.”

“அப்ப இல்லன்னு போடு.”

போட்டாள். இப்படியே முப்பது கேள்வி. கைக்கு ஆறு நாளின் பதில், வாய்க்கு ஏழாம் நாளின் பதில். தாளின் மேல் ஒரு மனிதர் எழுந்து நின்றார். திடமான கை, தெளிவான பேச்சு. அப்படி ஒருவர் எந்தக் கிழமையிலும் இருந்ததில்லை.

(எனக்கு இதைப் பார்த்து ஆத்திரம் வர வேண்டும். வரவில்லை. இங்கே இவர் கை, அங்கே அவர் வாய் என்று எடுத்து ஒட்டி, எந்த நாளிலும் இல்லாத ஆட்களை இருபது வருடமாகச் செய்துகொண்டிருக்கிறேன். அதற்குப் பெயர் பாத்திரப்படைப்பு. பாராட்டிக் கடிதம்கூட வந்திருக்கிறது.)

ஒரு கேள்வியில் மட்டும் தாமதமானது. தனிமையாக உணர்ந்தீர்களா என்ற கேள்வி.

“ரத்னம்மா கீறா. மாடு கீது.”

“அது சரி பெரியப்பா. ஆனாலும் தனியா கீற மாரி இருந்துச்சா?”

ஏகாம்பரம் வாசலில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: “ஆறு நாளு வாய மூடிக்கினு சோத்த துன்னு பாரு, தெரியும். அவளுக்கும் எனுக்கும் பேச்சே கெடையாது. வெள்ளிக்கெழம பேச்சு வருது, அதுவும் போனுக்குத்தான். எம் பொண்ணு வந்துட்டா போதும்னு கீது. நல்லா இல்லன்னு எழுதினா வந்துடுவா.”

“அப்ப அப்டியே எழுதட்டுமா?”

“எழுதினா, அவ அங்க பாத்திரம் தேச்சதெல்லாம் வீணுன்னு நானே சொன்ன மாரி ஆயிடும். அத தெரிஞ்சிக்கினு எம் மூஞ்சிய எப்டி பாப்பா? நல்லா கீறேன்னு எழுதினா இன்னும் ரெண்டு வருசம் தேய்ப்பா. நீயே சொல்லு பாப்பா, எந்த கட்டத்துல போடறது?”

சந்தியா வெளியே ரத்னம்மா போன பக்கம் பார்த்தாள். அபிப்பிராயம் சொல்லக் கூடாது. ‘ஒருபோதும் இல்லை’யில் டிக் போட்டாள்.

கடைசிக் கேள்வி முப்பத்தொன்று. ‘மறுபடி வாய்ப்பு வந்தால் இந்தச் சிகிச்சையைச் செய்துகொள்வீர்களா?’ ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். இதற்கு மட்டும் நோயாளி தன் கையாலேயே குறி போட வேண்டும். ‘இல்லை’ என்று வந்தால் மொத்த எண் எவ்வளவாக இருந்தாலும் டாக்டர் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார், வீட்டாரையும் கூப்பிடுவார். ‘ஆம்’ என்று வந்தால் ஃபைல் மூடப்படும்.

அட்டையையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தாள் சந்தியா. அந்த நேரம் பார்த்து ஷேர் ஆட்டோக்காரன் போன் செய்தான். சிக்னலுக்காக வாசலுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். டிக் போட்டாகியிருந்தது. கிளம்பும்போது அவர் ஏதோ சொன்னார். சரி பெரியப்பா, வரேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

6

மறுநாள் அந்தத் தாள் என் மேஜைக்கு வந்தது. எங்களுக்கு ஒரு வழிகாட்டிக் காகிதம் உண்டு, சுவரில் ஒட்டியிருக்கிறது. அதில் ஆறாவது விதி: நடுங்கும் கையால் போட்ட குறி கோட்டில் விழுந்தால் முதல் கட்டத்துக்கு உரியதாகக் கொள்ளவும். யாரோ இரக்கப்பட்டுத்தான் எழுதியிருப்பார்கள். இந்த நோய்க்காரர்களின் குறிகள் கட்டத்தைத் தாண்டி எங்கெங்கோ ஓடும். ஒவ்வொன்றையும் திருப்பி அனுப்ப முடியுமா?

முதல் கட்டம் ஆம். 1 அடித்தேன். நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு என்று வந்தது. மொத்தத் திட்டத்திலேயே அதுதான் அதிகம்.

சந்தியா என் அறையிலிருந்தே குவைத்துக்குப் பேசினாள். ஸ்பீக்கர் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

“சொல்லும்மா, எவ்ளோ வந்துச்சி?”

“தொண்ணூத்தி நாலுக்கா. நூத்துக்கு.”

அந்தப் பக்கம் யாரோ ஒரு குழந்தை அரபியில் அழுதுகொண்டிருந்தது.

“நெஜமாவா?”

“கம்ப்யூட்டர்லயே வந்துக் கீதுக்கா.”

அம்சவேணி சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள். “நான் டென்த்துல மேத்ஸுலயும் சயின்ஸுலயும் சேத்துக்கூட அவ்ளோ வாங்கலம்மா. எங்க நைனா பாஸு!” என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “கடசி கேள்விக்கு இன்னா போட்டாரு?” என்று கேட்டாள்.

சந்தியா என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன்.

“ஆம்னு போட்டுக் கீறாருக்கா.”

“அப்ப சரி. ரெண்டு வருசம்தான? கண்ண மூடித் தொறந்தா ஓடிடும். ஒருவேள நல்லா இல்லன்னு வந்தா கெளம்பலாம்னு பெட்டிய எறக்கி வெச்சிருந்தேன். மறுபடி மேல ஏத்திட்றேன்.”

7

மாற்று முடிவுகள் சில:

(அ) நான் 2 அடித்தேன். டாக்டர் கூப்பிட்டார். அம்சவேணி வந்தாள். எட்டாம் மாதம் பேட்டரி தீர்ந்தது. ஏகாம்பரம் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். அம்சவேணி ஊட்டுகிறாள். ஊட்டும்போது இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை.

(ஆ) டாக்டர் மூன்றாவதாக ஒரு பட்டன் கண்டுபிடித்தார். அதைப் போட்டால் கையும் நிற்கும், பேச்சும்— [எனக்கே வெட்கமாக இருக்கிறது.]

(இ) ஒரு செவ்வாய்க்கிழமை, கை பட்டன் நாளில், ரத்னம்மா அவர் எதிரில் உட்கார்ந்து, புரியாத பேச்சை ஒவ்வொரு சொல்லாக— [இது நடந்திருக்கலாம். நடந்ததா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை ஆறுதலுக்காக எழுதக் கூடாது என்று இந்த ஒரு கதையிலாவது இருக்கிறேன்.]

8

இதோடு முடிந்திருந்தால் கதையே எழுதியிருக்க மாட்டேன். இப்படி ஆயிரம் தாள் அடித்திருக்கிறேன்.

மூன்று வாரம் கழித்து, மதியச் சாப்பாட்டின்போது சந்தியா பேச்சுவாக்கில் சொன்னாள்: “பாவம் சார் அந்தப் பெரியப்பா. வரும்போது என்னமோ சொன்னாரு, ஒண்ணுமே புரியல. அழுதுட்டாரோ என்னமோ.”

சாப்பாட்டை மூடி வைத்தேன். அவள் அங்கே போன அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வாய் பட்டன் போட்ட நாள். முப்பது கேள்விக்கும் தெளிவாகப் பதில் சொன்ன மனிதரின் பேச்சு முப்பத்தொன்றாவது கேள்விக்குப் பிறகு எப்படிக் குழறும்? ரிமோட் எங்கே இருந்தது என்று கேட்டேன். நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஸ்டூல் மேல் இருந்தது என்றாள். சொன்னவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

ஃபைல் கட்டை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்தேன். மற்ற நோயாளிகளின் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவர்கள் போட்ட டிக் எல்லாம் நெளிந்து நெளிந்து கிடந்தன. ஏகாம்பரத்தின் டிக்கில் நெளிவு இல்லை. ஒரே இழுப்பு. முனை சரியாகக் கோட்டின் மேல் ஊன்றி, மேலே போன கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது.

சந்தியா வாசலுக்குப் போன நேரத்தில் அவர் கை பட்டனைப் போட்டிருக்கிறார். கை நிற்கும் வரை காத்திருந்திருக்கிறார். ஆடாத கையால், ‘ஆம்’ இல்லாமலும் ‘இல்லை’ இல்லாமலும், நடுக்கோட்டில் போட்டிருக்கிறார். முப்பத்தொரு கேள்வியில் அவர் சொந்தமாகச் சொன்ன பதில் அது ஒன்றுதான். அதை நடுக்கம் என்று நினைத்து நான் திருத்திவிட்டேன்.

சந்தியாவிடம் கடைசியாக அவர் சொன்னது என்ன? அதையும் எழுதிப் பார்த்தேன். “அவகிட்ட சொல்லு, நான்—” [அடித்துவிட்டேன்.] “வர வேணாம்னு—” [அதையும்.] அந்த வாக்கியம் எனக்கு வராது. வாய் பட்டன் போடாத நேரத்தில் சொன்னது.

9

ஃபைல் மூடியாயிற்று. ஆனால் அம்சவேணியின் போன் நம்பர் தாளின் தலைப்பிலேயே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டாள், அபராதம் கட்டினால் வரலாம் என்று விசாரித்தும் வைத்திருக்கிறேன். எனக்கு அது தெரிந்து இன்றைக்கு நாற்பத்தோராவது நாள். இதுவரை கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? உங்கள் நைனா பாஸ் ஆகவில்லை, ஃபெயிலும் ஆகவில்லை என்றா? பெட்டியை ஒரு தடவை இறக்கி ஏற்றிவிட்டாள். இன்னொரு தடவை இறக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? சொல்லாமல் இருக்கத்தான் என்ன உரிமை?

ஆகவே உட்கார்ந்து இந்தக் கதையை எழுதினேன். எழுதுகிற வரைக்கும் போன் செய்ய வேண்டியதில்லை அல்லவா? அதனால்தான் இத்தனை தொடக்கமும் இத்தனை முடிவும். இப்போது எழுத வேறொன்றும் பாக்கியில்லை. எனக்கு முடிவு தெரியவில்லை, பயமாக இருக்கிறது. இதை உங்களிடம் தள்ளுகிறேன்.

கேள்வி 32. அம்சவேணியிடம் சொல்லிவிடலாமா?

ஆம் [   ] | [   ] இல்லை

பேனாவை அழுத்திப் பிடித்து, ஏதாவது ஒரு கட்டத்துக்குள்ளேயே போடுங்கள். கோட்டின் மேல் போட்டால் அதை நான் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.